பிளேக் எலும்புகள்: கேட்டதும் சொன்னதும்

லண்டன் கிழக்கு ஸ்மித்ஃபீல்டில், 1348–50இல் பிளேக்கில் இறந்தவர்களுக்கென்றே ஒதுக்கிய இடுகாடு. 1980களில் பழைய நாணயச்சாலை வளாகத்தில் தோண்டினார்கள். அங்கே கிடைத்த எலும்புகளைப் பற்றி வந்த கேள்விகள் இவை.

கே: எலும்பைப் பார்த்தே என்ன சாப்பிட்டார் என்று சொல்லிவிடுவீர்களா?

பார்த்து இல்லை, கரைத்து. விலா எலும்புத் துண்டை நீர்த்த அமிலத்தில் போட்டால், சில நாளில் சுண்ணாம்பெல்லாம் போய் ரப்பர் மாதிரி வளையும். அதைச் சூடாக்கி, வடிகட்டி, உறையவைத்து உலர்த்தினால் வெள்ளைப் பஞ்சுமிட்டாய் மாதிரி கொலாஜன் என்ற எலும்புப் புரதம் நிற்கும். அதில் கனமான வகையான கார்பன்-13 சாதாரணக் கார்பனுக்கு எவ்வளவு, நைட்ரஜன்-15 சாதாரண நைட்ரஜனுக்கு எவ்வளவு என்று அளக்கிறோம். தின்பதும் தின்னப்படுவதுமான உணவுச் சங்கிலியில் ஒரு படி ஏறினால் நைட்ரஜன்-15 விகிதம் ஆயிரத்துக்கு 3 முதல் 5 வரை கூடும். கடல் மீன் தின்றால் கார்பன்-13உம் சேர்ந்து ஏறும். கம்பும் சோளமும்கூட கார்பனை ஏற்றும்தான், ஆனால் அன்றைய இங்கிலாந்தில் அவை ஏது? அங்கே கோதுமை, பார்லி, ரை என்ற தானியம்.

கே: நோய் வந்த பிறகு என்ன சாப்பிட்டார்கள்?

எலும்பில் தெரியாது. பிளேக் சில நாளில் ஆளை முடித்துவிடும். விலா எலும்பு காட்டுவது கடைசிச் சில வருடங்களை, தொடை எலும்பு அதைவிட நீண்ட காலத்தை.

கே: எந்த ஊர்க்காரர் என்று தெரியுமா?

பல் எனாமல் சிறுவயதில் உருவானபடியே கடைசிவரை இருக்கும். முதல் கடைவாய்ப்பல்லில் முதல் மூன்று வயது, ஞானப்பல்லில் ஏறக்குறைய எட்டு வயதிலிருந்து பதின்வயது வரை. அதிலுள்ள ஸ்ட்ரான்சியம் என்ற தனிமம் நிலத்தடிப் பாறையைச் சொல்லும், ஆக்ஸிஜன் குடித்த தண்ணீரைச் சொல்லும். ஆனால் ஒரே எண் பத்து ஊருக்குப் பொருந்தும். "இந்த ஊர் இல்லை" என்று சொல்லலாம், "இந்த ஊர்தான்" என்று அடித்துச் சொல்ல முடியாது.

கே: நைட்ரஜன் கூடுதலென்றால் கறி தின்ற பணக்காரர், சரிதானே?

இல்லை. எரு போட்ட வயலில் விளைந்த தானியத்திலேயே நைட்ரஜன்-15 ஏறியிருக்கும்.

கே: எருவெல்லாம் சாக்கு. ஏழைக்குக் கறி ஏது?

சரி, கறியை விடுங்கள். திருச்சபை விரத நாளில் கறி கூடாது, மீன் கூடும். உப்பிட்ட ஹெர்ரிங் என்ற கடல் மீன் ஏழை வீட்டிலும் இருந்தது. தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு நைட்ரஜன் தாயைவிட அதிகம். பட்டினியில் உடம்பு தன்னையே தின்னும்போதும் ஏறும். ஆக, நீங்கள் பணக்காரர் என்பவர் பஞ்சத்தில் அடிபட்டவராகவும் இருக்கலாம். கார்பனோடு சேர்த்து, அதே ஊர் ஆடுமாட்டு எலும்பையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் வாய் திறக்கக் கூடாது.

கே: எப்படியிருந்தாலும் பிளேக் ஏழை பணக்காரன் பார்க்கவில்லையே!

இதைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் ஷாரன் டிவிட், ஜேம்ஸ் வுட் என்ற ஆய்வாளர்கள் இதே இடுகாட்டு எலும்புகளை ஆராய்ந்து 2008இல் காட்டியது வேறு: முன்பே நலிந்திருந்தவர்கள் அதிகம் செத்தார்கள். நலிவுக்கு 1315–17 பெரும்பஞ்சமும் ஒரு காரணமா என்பது நல்ல கேள்வி. அதைக் கேட்டிருந்தால் ஒரு பக்கம் எழுதியிருப்பேன்.

கே: எலும்பைத் தொட்டால் பிளேக் வருமா?

வராது. மூன்றாவது ஆள் கேட்கிறீர்கள். 2011இல் இந்த இடுகாட்டுப் பற்களிலிருந்து பிளேக் கிருமியின் மரபணுத்தொகுதியைப் படித்தார்கள். கிடைத்தது உடைந்த டி.என்.ஏ. துண்டுகள், உயிருள்ள கிருமி இல்லை.

கே: என் சந்தேகம், இவர்களில் யாராவது ஸ்காட்லாந்துக்காரரா?

மேலே மூன்றாவது பதில்.