பச்சை உடம்புக்காரிக்குத் தண்ணீர் ஆகாதா?

கேள்வி: சிசேரியன் மூலம் எனக்குப் பெண் குழந்தை பிறந்து 11 நாட்கள் ஆகின்றன, தாய்வீட்டில் இருக்கிறேன். தண்ணீர் குடித்தால் தையலில் சீழ் கோத்துக்கொள்ளும், வயிறும் பெருத்துவிடும் என்று பாட்டி ஒரு நாளைக்கு இரண்டு தம்ளர் வெந்நீருக்கு மேல் தருவதில்லை. மலச்சிக்கல் வாட்டுகிறது. இரண்டு நாட்களாகச் சிறுநீர் கழிக்கும்போது எரிகிறது. பாலும் குறைவதுபோல் தோன்றுகிறது. பாட்டியின் மனம் நோகாமல் நான் என்ன செய்வது?
- வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: இந்தப் பதிலைப் படித்து முடிக்கும்வரைகூடக் காத்திருக்க வேண்டாம், முதலில் ஒரு தம்ளர் தண்ணீர் குடியுங்கள். அடுத்ததாக, நாளைக்கே மருத்துவமனைக்குச் சென்று சிறுநீர்ப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அறுவை சிகிச்சையின்போது சிறுநீர் வெளியேறுவதற்காகக் குழாய் பொருத்தியிருப்பார்கள். அதன் வழியே கிருமி சென்றிருக்கக் கூடும் என்பதாலும், நீர் போதாமல் சிறுநீர் குறைந்து தேங்கும்போது அக்கிருமி எளிதில் பெருகும் என்பதாலும், இந்த எரிச்சலை உடல்சூடு என்று ஒதுக்கிவிடக் கூடாது. காய்ச்சலோ குளிரோ இருந்தால் இன்றைக்கே செல்ல வேண்டும். உதிரப்போக்கு திடீரென அதிகரித்து ஒரு மணி நேரத்தில் ஒரு நாப்கின் முழுதும் நனைந்தாலோ, ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, மூச்சுத் திணறினாலோ, பார்வை மங்கித் தலை கடுமையாக வலித்தாலோ நேரத்தைப் பார்க்காமல் 108-ஐ அழையுங்கள்.

தையலில் சீழ் பிடிப்பது கிருமியால்; குடிக்கும் தண்ணீர் தையலுக்குப் போவதே இல்லை. வயிறு பெரிதாகத் தெரிவதற்கும் தண்ணீர் காரணம் அன்று. பிரசவம் முடிந்தவுடன் தொப்புள் மட்டத்தில் இருக்கும் கருப்பை, நாளுக்கு ஏறத்தாழ ஒரு விரற்கடையாக இறங்கி, பழைய அளவுக்குச் சுருங்க ஆறு வாரங்கள் பிடிக்கும்; பத்து மாதம் விரிந்து தளர்ந்த வயிற்றுத் தசைகளுக்கு அதைவிடக் கூடுதலான காலம் தேவைப்படும். மாறாக, தண்ணீரை மறுப்பதால் வரும் தீங்கு உண்மையானது. மலம் இறுகினால் முக்க வேண்டியிருக்கும். ஒவ்வொரு முக்கலும் ஆறாத வயிற்றில் வலியைக் கூட்டும். பிரசவத்துக்குப் பிந்தைய ஆறு வாரங்களில் கால் இரத்தக் குழாய்களில் இரத்தம் உறையும் அபாயம் இயல்பாகவே அதிகம். நீரும் குறைந்து, படுக்கையிலேயே கிடந்தால் அது மேலும் கூடும். ஆகவே, வீட்டுக்குள் மெல்ல நடமாடுங்கள்.

பால் விஷயத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். குடம் குடமாகத் தண்ணீர் குடித்தால் பால் பெருகும் என்பதும் சரியன்று. குழந்தை அடிக்கடி சப்பிக் குடிப்பதே பாலைச் சுரக்க வைக்கிறது. நீங்கள் தாகம் தீரக் குடித்தால் போதும். ஒவ்வொரு முறை பாலூட்ட உட்காரும்போதும் அருகில் ஒரு செம்புத் தண்ணீர் இருக்கட்டும். குழந்தை நாளைக்கு ஆறு முறைக்குக் குறையாமல் சிறுநீர் கழித்து, இரண்டு வாரத்துக்குள் பிறந்தபோது இருந்த எடையை எட்டிவிட்டால், பால் போதவில்லையே என்ற கவலை வேண்டாம். குழந்தைக்கு மட்டும் ஆறு மாதம் வரை தண்ணீரோ சர்க்கரைத் தண்ணீரோ கொடுக்கக் கூடாது, கோடைக்காலமானாலும் சரி.

உங்கள் பாட்டியின் பத்தியம் முழுவதையும் நான் மறுக்கவில்லை. பூண்டுக் குழம்பும் பால்சுறாப் புட்டும் நல்ல உணவுதான். அவற்றோடு கீரை, காய், பழம், முட்டை ஆகியவற்றையும் விலக்காமல் சேர்த்துக்கொண்டு, மருத்துவமனையில் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரைகளையும் நிறுத்தாமல் சாப்பிடுங்கள். சுகாதாரமற்ற நீரால் நோய் வந்த காலத்தைப் பார்த்தவர்களுக்குத் தண்ணீரின் மீது அச்சம் இருப்பதில் வியப்பில்லை. பேத்தியின் உடம்பு தேற வேண்டும் என்ற தவிப்புதான் அவரை அப்படிக் கண்டிப்பாக நடக்கச் செய்கிறது. எனவே வீட்டில் வாதாடாதீர்கள். நாளை மருத்துவமனைக்குப் போகும்போது பாட்டியையும் அழைத்துச் சென்று, எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்று அவர் முன்னிலையிலேயே மருத்துவரிடம் கேளுங்கள். திரும்பி வந்ததும், சீரகம் போட்டுக் கொதிக்க வைத்து ஆற்றிய தண்ணீரை அவர் கையாலேயே தரச் சொல்லுங்கள். வேளைக்கு வேளை அதைக் கொடுக்கும் பொறுப்பை அவரே ஏற்றுக்கொள்வார்.