கேளுங்க, சொல்றோம்: கண்மாய்ல தண்ணி கிடக்கா?

கேள்வி: அண்ணே, போன ஜனவரியில புள்ளைகளைக் கூட்டிக்கிட்டு சித்திரங்குடி போனோம், பறவைக்குப் பதிலா நாலு ஆடுதான் மேஞ்சுக்கிட்டு நின்னுச்சு, சரணாலயம்னு போர்டு மட்டும் இருக்கு. இதுக்கா அம்புட்டு தூரம் போறது?
– ஒரு வாசகி, பரமக்குடி

பதில்: கோவம் நியாயம்தான் தாயி, எனக்கும் ஒரு தடவை இதே கதைதான், பைனாகுலர் வேற கடன் வாங்கிட்டுப் போயிருந்தேன். நம்ம ராமநாதபுரம் மாவட்டத்துல பறவை சரணாலயம்னா காடு இல்ல, கண்மாய். சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், தேர்த்தங்கல், சக்கரக்கோட்டை, மேலச்செல்வனூர்-கீழச்செல்வனூர் எல்லாமே விவசாயத்துக்குத் தண்ணி தேக்குற கண்மாய்தான். ஐப்பசி, கார்த்திகையில மழை பெய்ஞ்சு தண்ணி பெருகுனாத்தான் மீனு, மீனு இருந்தாத்தான் கூடு. இன்னொண்ணு, உள்ள நிக்கிற கருவேல மரத்தைச் சுத்தி தண்ணி நின்னாத்தான் நாய், பூனை கூட்டுப்பக்கம் வராது, அது பறவைக்கும் தெரியும், தண்ணி இல்லன்னா வேற ஊருக் கண்மாய் பாத்துப் போயிரும். சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும் 2022லயே ராம்சார்னு உலக அளவுல முக்கியமான ஈரநிலங்களோட லிஸ்ட்ல ஏறிருச்சு, லிஸ்ட்ல ஏறுனா மழை வந்துருமா என்ன.

அதனால கிளம்புறதுக்கு முந்தி முதுகுளத்தூர் பக்கம் சொந்தக்காரங்க யாருக்காச்சும் போனைப் போட்டு "கண்மாய்ல தண்ணி கிடக்கா"ன்னு ஒரு வார்த்தை கேட்டுக்கங்க. கிடக்குன்னா விடிகாலையில போங்க, இல்ல பொழுது சாயும்போது, இரை தேடப்போனதெல்லாம் கூட்டம் கூட்டமா திரும்பும். மரம் பூரா எச்சத்துல சுண்ணாம்பு அடிச்ச மாதிரி இருக்கும், கவுச்சி வாடை குப்புன்னு வரும், மூக்கைப் பொத்தாதீங்க, அந்த எச்சம் கரைஞ்ச தண்ணிதான் வயலுக்கு உரம். கூழைக்கடா குஞ்சு ஆத்தாளோட வாய்ப்பைக்குள்ள தலையை முழுசா விட்டு மீனைத் தோண்டி எடுக்கும் பாருங்க, விழுங்கிப்புட்டாளோன்னு புள்ளைக பதறிப் போகும்.

கேள்வி: தனுஷ்கோடியில பூநாரையைப் பக்கத்துல போய் படம் எடுக்கலாமா? ட்ரோன் இருக்கு.
– கல்லூரி மாணவர், ராமேஸ்வரம்

பதில்: ட்ரோனை வீட்டுலயே வச்சிட்டுப் போங்க தம்பி. 2025ல தனுஷ்கோடியைப் பூநாரைச் சரணாலயமா அரசு அறிவிச்சிருக்கு. கோதண்டராமர் கோயில் பக்கத்து ஆழமில்லாத தண்ணியில தலையைத் தலைகீழா கவுத்து, அலகுல சேத்துத் தண்ணியை வடிகட்டித் திங்கிற பறவை அது. ஒண்ணு மிரண்டா மொத்தக் கூட்டமும் எந்திரிச்சிரும், திங்கிற நேரமும் போச்சு, உங்க படமும் போச்சு. ரோட்டோரமா நின்னு ஜூம் பண்ணுங்க, சூரியன் முதுகுப்பக்கம் இருக்கணும்.

கேள்வி: ஆவுளியாவை, அதாங்க கடல்பசுவை, எங்க பாக்கலாம்?
– வாசகர், தொண்டி

பதில்: உங்க ஊருக் கடல்லயேதான். பாக் விரிகுடாவுல 448 சதுர கிலோமீட்டரை 2022ல அதுக்குன்னே ஒதுக்கியிருக்காங்க. ஆனா அது கடல்புல்லு மேயுற கூச்ச சுபாவி, மூச்சு விட மூக்கை மட்டும் நீட்டிட்டு முங்கிரும். தொண்டி பக்கத்துல காரங்காடு போய் படகுல ஏறி அலையாத்திக் காட்டைச் சுத்திப் பாருங்க, அதுக்கு டிக்கெட்டு எடுத்தா கொக்காச்சும் நிச்சயம்.