பாலத்தில் மட்டும் வண்டி வழுக்குவது ஏன்?
காலையில் வேலைக்குப் போகும்போது கார் 2 டிகிரி காட்டியும் பாலத்தில் வழுக்கியது ஏன் என்று கேட்டிருந்தீர்கள். அது காட்டுவது காற்றின் வெப்பநிலை. சாலை அதைவிடக் குளிர்ந்திருக்கலாம். பாலத்துக்கு மேலும் கீழும் காற்று படுவதால் முதலில் உறைவது அதுதான். மெல்லிய பனிக்கட்டி வெறும் ஈரம் மாதிரிதான் தெரியும். ஈரமாகத் தெரிந்தும் முன்வண்டியின் சக்கரம் தண்ணீரைத் தெறிக்கவில்லையா? சந்தேகப்படுங்கள்.

பாலத்துக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள். மேலே ஏறியபின் திடீர் பிரேக் வேண்டாம். வழுக்கினால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, போகவேண்டிய பக்கம் பார்த்து ஸ்டியரிங்கை மெதுவாகத் திருப்புங்கள். வேகத்தைத் தானாக ஒரே அளவில் வைக்கும் க்ரூஸ் கண்ட்ரோல் வேண்டவே வேண்டாம்.

அப்புறம், ஃபோர் வீல் டிரைவ் கிளம்பத்தான் உதவும், நிறுத்த உதவாது. கோடை டயர் என்றால் குளிர்கால டயருக்கு மாறிவிடுங்கள். சுமார் 7 டிகிரிக்குக் கீழே கோடை டயரின் ரப்பர் இறுகி பிடிப்பு குறையும்.