சிங்கப்பூரில் ஒரு சிறிய கேம் ஸ்டுடியோ பெரிய நிறுவனமாக வளர முடியுமா?

நாலைந்து பேர் சேர்ந்து தொடங்கிய வீடியோ கேம் ஸ்டுடியோக்கள் மற்ற நாடுகளில் எப்படி அவ்வளவு பெரிய நிறுவனங்களாயின, இங்கே அது ஏன் அரிதாக இருக்கிறது என்பது நீங்கள் கேட்ட கேள்வி. 14 ஆண்டுகளாக இந்தத் தொழில்தான் எனக்குச் சோறு போடுகிறது. முதலில் சோதனையாளராக இருந்தேன், பிறகு சூழல் ஓவியரானேன். விளையாட்டில் ஓடும் ஆளைத் தவிர, கடல், பாறை, சுவர், மரம், வானம் எல்லாம் எங்கள் பொறுப்பு. இத்தனை ஆண்டுகளில் எனக்கு உறுதிப்பட்ட ஒன்றைச் சொல்கிறேன். ஸ்டுடியோ வாழ்வதும் மூடப்படுவதும், அது செய்த விளையாட்டின் உரிமை யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்திருக்கிறது. திறமையும் பணமும் நல்ல நேரமும் வேண்டும்தான். உரிமை கைவிட்டுப் போனபின் அவை எதுவும் ஸ்டுடியோவைக் காப்பாற்றியதை நான் பார்த்ததில்லை.

சிங்கப்பூரிலிருந்தே தொடங்குகிறேன். 1994-இல் எனக்குப் பத்து வயது. ஒரு சனிக்கிழமை மாலை, ஈசூனில் எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுக்குச் சித்தப்பா ஓர் அட்டைப்பெட்டியோடு வந்தார். சிம் லிம் ஸ்குவேரில் வாங்கிய சவுண்ட் பிளாஸ்டர் ஒலி அட்டை அதில் இருந்தது. கணினியின் மூடியைக் கழற்றி, அட்டையை அதற்குரிய பள்ளத்தில் வைத்து, இரண்டு கட்டைவிரல்களாலும் அழுத்தினார். அட்டை நன்றாகப் பொருந்தி உட்கார்ந்தது, ஆனால் சத்தம் வரவில்லை. கணினி தொடங்கும்போது படிக்கும் கோப்பில் ஏ220, ஐ5, டி1 என்று, அட்டையை எப்படி அணுகுவது என்ற குறிப்பை எழுதியிருக்க வேண்டும். எங்கள் கோப்பில் ஐ7 என்று இருந்தது. “ஏழு என்பதை அழி, ஐந்து போடு” என்றார் சித்தப்பா. மறுபடி இயக்கினோம். ‘டூம்’ விளையாட்டில் ஓர் இரும்புக் கதவு உறுமிக்கொண்டு மேலே ஏறியது. அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

அந்த அட்டையைச் செய்தது நம் ஊர் நிறுவனம் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. சிம் வோங் ஹூவும் அவருடைய நண்பரும் 1981-இல் சைனாடவுனின் பேர்ல்ஸ் சென்டரில் கணினி பழுதுபார்க்கும் சிறு கடையாகத் தொடங்கியதுதான் கிரியேட்டிவ் டெக்னாலஜி. அவர்கள் செய்த முந்தைய ஒலி அட்டை எடுபடவில்லை. 1989-இல் வந்த சவுண்ட் பிளாஸ்டர், அன்று சந்தையில் முன்னணியில் இருந்த ஆட்லிப் அட்டைக்கு எழுதிய இசையையும் வாசித்தது, பதிவு செய்த குரலையும் ஒலித்தது. விளையாட்டுக் கைப்பிடியை இணைக்கும் துளையும் அதிலேயே இருந்தது. சில ஆண்டுகளில் மற்ற நிறுவனங்கள் தங்கள் பெட்டியின்மேல் ‘சவுண்ட் பிளாஸ்டருக்கு ஒத்தது’ என்று அச்சடிக்க வேண்டிய நிலை வந்தது. 1992-இல் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட முதல் சிங்கப்பூர் நிறுவனமும் அதுதான். கிரியேட்டிவ் கேம் ஸ்டுடியோ அல்ல. ஆனால் உலகம் முழுவதும் விளையாட்டு செய்தவர்கள் சிங்கப்பூர்க்காரர் ஒருவர் வகுத்த விதிக்கு ஏற்ப ஒலி எழுதினார்கள். இதை நினைத்தால் இன்றும் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

இனி ஸ்டுடியோக்களுக்கு வருகிறேன். 1972-இல் தொடங்கிய அட்டாரியை 1976-இல் வார்னர் நிறுவனம் 28 மில்லியன் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. விளையாட்டுகளை எழுதியவர்களின் பெயரைப் பெட்டியில் போட அட்டாரி மறுத்தது. வாரன் ராபினெட் என்ற நிரலாளர், தான் செய்த ‘அட்வென்சர்’ விளையாட்டுக்குள் ஒரு ரகசிய அறை கட்டி, தன் பெயரை அதில் ஒளித்துவைத்தார். இன்னும் நால்வர், டேவிட் கிரேன், லாரி காப்லன், ஆலன் மில்லர், பாப் வைட்ஹெட், வேலையை விட்டு வெளியேறி, ஜிம் லெவியுடன் சேர்ந்து 1979-இல் ஆக்டிவிஷனைத் தொடங்கினார்கள். விளையாட்டு இயந்திரத்தைச் செய்யாமல், இன்னொருவர் இயந்திரத்துக்கு விளையாட்டை மட்டும் செய்து விற்ற முதல் நிறுவனம் அதுதான். பெட்டியில் வடிவமைப்பாளரின் பெயர் வந்தது. இன்று நாம் ஸ்டுடியோ என்று சொல்வதன் தொடக்கத்தை நான் இங்கேதான் பார்க்கிறேன். தன் வேலை தன்னுடையது என்று நால்வர் சொன்னதிலிருந்து அது பிறந்தது.

சிறிய ஸ்டுடியோ ஏன் பெரிய நிறுவனத்திடம் போய்ச் சேர்கிறது என்பதற்குக் கணக்கு ஒன்று போட்டுப் பாருங்கள். 20 பேர் வேலை செய்கிறார்கள், ஒருவருக்கு எல்லாச் செலவும் சேர்த்து மாதம் 6,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். மாதம் 120,000 வெள்ளி. இரண்டு ஆண்டு வேலைக்கு 2.88 மில்லியன் வெள்ளி. விளையாட்டு கடைக்கு வரும்வரை ஒரு காசு வருமானம் கிடையாது. இந்தப் பணத்தை வெளியீட்டாளர், அதாவது விளையாட்டைச் சந்தைக்குக் கொண்டுபோகும் நிறுவனம், முன்பணமாகத் தருகிறார், அதுவும் தவணை தவணையாக, வேலையின் ஒவ்வொரு கட்டத்தையும் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகு. விற்பனையில் ஸ்டுடியோவின் பங்கு 20 விழுக்காடு என்றால், அந்த 20 விழுக்காட்டிலிருந்துதான் முன்பணம் கழிக்கப்படும். ஆக, 14.4 மில்லியன் வெள்ளிக்கு விற்பனை ஆகும்வரை ஸ்டுடியோவுக்கு ஒன்றும் வராது. விளையாட்டு ஓரளவு நன்றாக விற்றிருக்கும், வெளியீட்டாளருக்கு லாபமும் வந்திருக்கும், ஸ்டுடியோவில் மட்டும் அடுத்த மாதச் சம்பளத்துக்கு வழி இருக்காது. ‘உங்களை வாங்கிக்கொள்கிறோம்’ என்ற அழைப்பு பெரும்பாலும் இந்த நேரத்தில் வருகிறது. சம்பளம் கொடுக்க வேண்டியவர் சரி என்கிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

இங்கிலாந்தின் புல்ஃபிராக் ஸ்டுடியோ 1987-இல் தொடங்கி, 1995-இல் பெரிய வெளியீட்டாளரான எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் கைக்குப் போய், 2001-இல் இல்லாமல் போனது. லாஸ் வேகாஸின் வெஸ்ட்வுட் ஸ்டுடியோவை அதே நிறுவனம் 1998-இல் வாங்கி 2003-இல் மூடியது. விளையாட்டுகளின் பெயர்கள் மட்டும் வாங்கியவரிடமே தங்கிவிட்டன.

எங்கள் வீட்டுக் கணினியில் கதவைத் திறந்த டூமின் கதை வேறு. 1991-இல் சில இளைஞர்கள் தொடங்கிய ஐடி சாஃப்ட்வேர் என்ற ஸ்டுடியோ, மூன்று பாகம் கொண்ட டூமின் முதல் பாகத்தை 1993 டிசம்பரில் இலவசமாக வெளியிட்டது. யார் வேண்டுமானாலும் பிரதி எடுத்துக் கொடுக்கலாம், மீதி வேண்டுமென்றால் நேரடியாக அவர்களிடம் பணம் கட்ட வேண்டும். எங்களிடம் இருந்ததும் இலவசப் பாகம்தான், சித்தப்பாவின் நண்பர் வட்டில் போட்டுக் கொடுத்தது. இடையில் யாருக்கும் உரிமையை எழுதிக் கொடுக்காததால் அவர்கள் 2009 வரை தனித்து நின்றார்கள். அதன்பிறகு விற்றபோதும், டூமைச் செய்வது இன்றுவரை அதே ஸ்டுடியோதான்.

பெயருக்காகப் பிறந்த ஆக்டிவிஷன் எங்கே போய் முடிந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2023 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் அதை 68.7 பில்லியன் அமெரிக்க டாலருக்கு வாங்கி முடித்தது. மூன்று மாதம் கழித்து மைக்ரோசாஃப்டின் விளையாட்டுப் பிரிவில் 1,900 பேருக்கு வேலை போனது. 2024 மே மாதம், பாராட்டுகளைக் குவித்த ‘ஹை-ஃபை ரஷ்’ விளையாட்டைச் செய்த, மைக்ரோசாஃப்டின் கையில் இருந்த இன்னொரு ஸ்டுடியோவான ஜப்பானின் டேங்கோ கேம்வொர்க்ஸை மூடுவதாக அறிவித்தார்கள். ஆகஸ்டில் கொரியாவின் கிராஃப்டன் அந்தக் குழுவை எடுத்துக்கொண்டது. ஹை-ஃபை ரஷ்ஷின் உரிமையையும் சேர்த்து வாங்கியது. அதனால்தான் அவர்களால் தொடர முடிந்தது என்று நினைக்கிறேன்.

சிங்கப்பூரில் இந்தத் தொழில் வளர்ந்தது வெளிநாட்டு நிறுவனங்களின் கிளைகளால். அமெரிக்காவின் லூகாஸ்ஃபிலிம் 2000-களின் நடுவில் வந்தது, பிரான்சின் யூபிசாஃப்ட் 2008-இல் வந்தது. ஒன்-நார்த் வட்டாரத்தில் மதிய உணவு நேரத்தில் நின்று பார்த்தால் எங்கள் தொழிலில் பாதிப் பேரைப் பார்த்துவிடலாம். 2012-இல் வெளிவந்த ‘அசாசின்ஸ் கிரீட் 3’ விளையாட்டின் கப்பற்போரைச் செய்தது யூபிசாஃப்டின் சிங்கப்பூர்க் கிளை. அந்த அலைகளை நான் ஒரு மாணவனைப்போல மணிக்கணக்கில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அலையின் உச்சி மெலியும் இடத்தில் வெளிச்சம் ஊடுருவிப் பச்சையாக மாறும். இதை அறிந்து செய்தவர்கள் கடலைக் கூர்ந்து பார்த்தவர்கள். ஆனால் அந்தத் தொடரின் பெயரும் கதையும் இங்கே பிறந்தவை அல்ல. தலைமையேற்று அவர்கள் செய்த கடற்கொள்ளையர் விளையாட்டான ‘ஸ்கல் அண்ட் போன்ஸ்’ 2017-இல் அறிவிக்கப்பட்டு, பலமுறை தள்ளிப்போய், 2024 பிப்ரவரியில்தான் வந்தது. அதைக் குறை சொன்னவர்கள் நிறைய. பிறர் கதைக்குக் கடல் செய்து கொடுப்பதற்கும் சொந்தமாக ஒரு விளையாட்டை முழுதாகக் கட்டுவதற்கும் இடையில் எவ்வளவு தூரம் இருக்கிறது என்பதை, அதன் தாமதம் எனக்குக் காட்டியது. அந்தத் தூரத்தை நடந்து பார்த்த நூற்றுக்கணக்கானவர்கள் இப்போது இந்த ஊரில் இருக்கிறார்கள் என்பதை நான் பெரிய செல்வமாக மதிக்கிறேன்.

கிளையின் ஆயுள் தலைமையகத்தில் தீர்மானிக்கப்படுகிறது. நானும் ஒரு வெளிநாட்டு நிறுவனத்தின் கிளையில் இருந்தேன். ஒரு படகுத்துறைக் காட்சியை ஏழு மாதம் வரைந்தேன். அதற்காக விடியற்காலையில் சாங்கி முனைக்குப் போய், நீர் வற்றிய நேரத்தில் தூண்களைப் படம் எடுத்தேன். அடியில் சிப்பிகள் அப்பிய கரடு, அதற்கு மேல் வழுக்கும் பாசி, அதற்கு மேல் வெயிலில் வெளிறிய மரம். நீர் எதுவரை ஏறும் என்பதை அந்தப் பாசியின் கோடு சொல்லிவிடும். அந்தக் கோட்டைச் சரியாக வரைய மட்டும் மூன்று நாள் ஆனது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு எல்லோரையும் உணவறைக்கு அழைத்தார்கள். கிளை மூடப்படுகிறது, விளையாட்டு கைவிடப்படுகிறது என்றார்கள். மாலைக்குள் கணினிகள் பூட்டப்பட்டன. அந்தத் தூண்கள் நிறுவனத்தின் சொத்து. என் வேலைத் தொகுப்பில் சேர்க்க முடியாது, வீட்டில் மகளுக்குக்கூடக் காட்ட முடியாது. சம்பளம் ஒழுங்காகக் கொடுத்தார்கள், ஏமாற்று எதுவும் இல்லை. ஒப்பந்தத்தில் இருந்தபடிதான் நடந்தது. உரிமை என்ற சொல்லின் எடை எனக்கு அன்றுதான் தெரிந்தது.

இங்கிருந்து உண்மையிலேயே பெரிதாக வளர்ந்தது கரேனா. 2009-இல் தொடங்கியபோது அது பிறர் விளையாட்டுகளை இந்த வட்டாரத்தில் நடத்திக் கொடுத்தது. அமெரிக்காவின் ரயட் நிறுவனம் செய்த ‘லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்’ அவற்றில் பெரியது. 2017-இல் சீ என்ற பெயரில் நியூயார்க் பங்குச் சந்தைக்குப் போனது, அதே ஆண்டில் சொந்த விளையாட்டான ‘ஃப்ரீ ஃபயர்’ வந்தது. விலை மலிந்த கைப்பேசியிலும் தடுமாறாமல் ஓடும்படி செய்ததால் தென்கிழக்காசியா, பிரேசில், இந்தியா என்று பரவியது. சீயின் இணையக் கடையான ஷாப்பியை வளர்த்த பணத்தில் பெரும்பகுதி அங்கிருந்து வந்ததுதான். 2022 பிப்ரவரியில் இந்தியா தடை செய்தபோது பலத்த அடி விழுந்தது. 2023-இல் ரயட் தன் விளையாட்டைத் தானே நடத்திக்கொள்ள எடுத்துக்கொண்டது. பத்தாண்டுக்கு மேல் பாடுபட்டு வளர்த்த வாடிக்கையாளர் கூட்டம் கைமாறியது. ஃப்ரீ ஃபயரை அப்படி யாரும் எடுத்துக்கொண்டு போக முடியவில்லை.

என் மனத்துக்கு மிக நெருக்கமானவர்கள் ஜென்டில்புரோஸ். ஜப்பானிய விளையாட்டு நிறுவனமான கோயி டெக்மோவின் சிங்கப்பூர்க் கிளையில் வேலை பார்த்தவர்கள் வெளியே வந்து தொடங்கிய சிறு குழு. வாள் ஏந்திய பூனையை நாயகனாக்கிய ‘கேட் குவெஸ்ட்’ 2017-இலும் இரண்டாம் பாகம் 2019-இலும் மூன்றாவது 2024-இலும் வந்தன. இடையில் வெளியீட்டாளர் மாறினார், பூனை அவர்களோடே வந்தது. பங்குச் சந்தைக்குப் போகவில்லை, நூறு பேரைச் சேர்க்கவில்லை. நீங்கள் கேட்ட ‘வளர்ச்சி’ இதுவா என்றால், ஆம் என்பேன். மூன்றாவது விளையாட்டை எப்போது, எப்படிச் செய்வது என்று அவர்களே தீர்மானிக்க முடிந்ததே, அதைத்தான் நான் வளர்ச்சி என்று எண்ணுகிறேன்.

நானும் இப்போது ஆறு பேர் கொண்ட ஒரு குழுவில் இருக்கிறேன். சென்ற ஆண்டு வெளியீட்டாளர் ஒருவரோடு ஒப்பந்தம் பேசினோம். விளையாட்டை ஒப்படைத்து 18 மாதத்துக்குள் அவர் வெளியிடாவிட்டால், படங்கள், இசை, நிரல் உட்பட எல்லா உரிமையும் எங்களுக்கே திரும்ப வேண்டும் என்று ஒரு வரி கேட்டோம். மூன்று வாரம் மறுத்தார்கள். கடைசியில் எங்கள் பங்கில் ஐந்து விழுக்காட்டைக் குறைத்துக்கொண்டு அந்த வரியை வாங்கினோம். ஸ்டுடியோ தொடங்கும் எண்ணம் இருந்தால், வழக்கறிஞரிடம் முதலில் இந்த வரியைப் பற்றிக் கேளுங்கள்.