வண்டி கூரைல சோலார் போட்டா ஆபீஸ் போய் வந்துடலாமா?

கேள்வி: மடிப்பாக்கத்துலேர்ந்து சோழிங்கநல்லூர் ஆபீசுக்கு போக வர தினம் 30 கிலோமீட்டர். எலக்ட்ரிக் கார் வாங்கலாம்னு இருக்கேன். வண்டி நாள் முழுக்க ஓப்பன் பார்க்கிங் வெயில்லதான் நிக்குது, கூரைல சோலார் பேனல் இருந்தா சார்ஜே போடாம ஓட்ட முடியாதா?
– ஒரு வாசகர், மடிப்பாக்கம்

பதில்: முடியாதுங்க. சென்னை வெயிலுக்கு குறைச்சலே இல்ல, ஆனா கார் கூரை ரொம்ப சின்னது. உச்சி வெயில்ல ஒரு சதுர மீட்டர்ல சுமார் 1000 வாட் விழும், நல்ல பேனல் அதுல 20, 22 சதவீதத்தத்தான் கரண்டா மாத்தும். கார் கூரைல ரெண்டு சதுர மீட்டர் கிடைச்சாலே பெருசு, அப்போ 400 வாட், நாள் முழுக்க நின்னாலும் ஒன்னு ஒன்னரை யூனிட். ஒரு யூனிட்டுக்கு கார் 7 கிலோமீட்டர் ஓடும்னு வச்சா, சுமார் 10 கிலோமீட்டர் வரும், உங்களுக்கு வேண்டியது 30.

பேனல் சூடாக சூடாக அது குடுக்கற கரண்டும் குறையும். அதுக்கு மேல, பேனலுக்காக வெயில்ல நிறுத்தினா சாயங்காலம் கதவத் தெறந்ததும் ஸ்டீயரிங்ல கை வைக்க முடியாது, ஏசிய ஃபுல்லா வைப்பீங்க, மே மாசத்துல மேடவாக்கம் டிராஃபிக்ல ஒரு மணி நேரம் ஏசி ஓடினாலே கிட்டத்தட்ட ஒரு யூனிட் போயிடும், அதாவது கூரை பகல் முழுக்க சேத்ததுல பெரும்பங்கு.

கம்பெனிங்க முயற்சி பண்ணாம இல்ல. நெதர்லாந்தோட லைட்இயர் 0 காருக்கு உடம்பு பூரா 5 சதுர மீட்டர் பேனல் ஒட்டி நல்ல வெயில்ல 70 கிலோமீட்டர் வரைக்கும்னு சொன்னாங்க, விலை 2.5 லட்சம் யூரோ, 2023 ஜனவரிலயே தயாரிப்ப நிறுத்திட்டாங்க. அடுத்த மாசமே ஜெர்மனி சோனோ மோட்டார்ஸ் சியான் கார கைவிட்டாங்க. புனேல வேவ் கம்பெனி காட்டின குட்டி வண்டி ஈவாவும் கூரைலேர்ந்து நாளைக்கு 10 கிலோமீட்டர் வரைக்கும்னுதான் சொல்லுது. நாம போட்ட கணக்குதான்.

அதே பேனல வீட்டு மொட்டை மாடில போடுங்க, அங்கதான் விஷயமே இருக்கு. தெக்கு பாத்து லேசா சாய்ச்சு வச்சா சென்னைல 1 கிலோவாட்டுக்கு தினம் சராசரியா 4 யூனிட் வரும், அப்போ உங்க 30 கிலோமீட்டருக்கு பெரிய பேனல் ரெண்டு, சார்ஜிங்ல வீணாப்போறதையும் சேத்தா மூணு. பகல்ல வண்டி ஆபீஸ்ல நிக்குமேன்னு கவலப்படாதீங்க, நெட் மீட்டர் இருந்தா பகல் கரண்ட் ஈபி லைனுக்குப் போயி உங்க கணக்குல வரவாகும், ராத்திரி சார்ஜ் போட்டுக்கலாம். சொந்த வீடுன்னா 3 கிலோவாட்டா போட்டுடுங்க, சுமார் 300 சதுர அடி ஆகும், பிஎம் சூர்ய கர் திட்டத்துல 78,000 ரூபாய் மானியம் இருக்கு, வீட்டு ஃபேன் ஃப்ரிட்ஜுக்கும் சேத்து ஆகிடும்.

ஒன்னு மட்டும் மறக்காதீங்க, பேனலக் கழுவணும். எங்க மாடில பத்து நாள் விட்டா ரோட்டுப் புழுதி மாவு மாதிரி படியும், நடுவுல காக்கா எச்சம், அதுவே கரண்டக் கொறைக்கும். வெயில் ஏறதுக்கு முன்னாடி காலைல ஒரு பக்கெட் தண்ணியும் மெத்துன்னு ஒரு மாப்பும் போதும், சூடான கண்ணாடில பச்சத் தண்ணி ஊத்தாதீங்க.

கேள்வி: நாங்க அபார்ட்மென்ட்ல மூணாவது மாடி, மொட்டை மாடி எல்லாருக்கும் பொது. அப்போ எங்களுக்கு வழி?
– ஒரு வாசகி, பெரும்பாக்கம்

பதில்: பேனல விட்டுட்டு முதல்ல பார்க்கிங்ல பிளக் பாயின்ட் கேளுங்கம்மா. உங்க சொந்த மீட்டர்லேர்ந்து தனி கேபிள், தனி எம்சிபி (லோடு அதிகமானா தானா ஆஃப் ஆகற சுவிட்ச்), சரியான எர்த்தோட 15 ஆம்பியர் சாக்கெட், அவ்ளோதான். ராத்திரி பத்துலேர்ந்து காலைல ஆறு வரைக்கும் 20 யூனிட் கிட்ட ஏறும், 140 கிலோமீட்டர். பில் உங்க மீட்டர்லயே வரும்ங்கறத அசோசியேஷன் மீட்டிங்ல முதல் வரியா சொல்லுங்க, பொதுக் கரண்ட்ல கைவைக்கறாங்கங்கற பயத்துலதான் நிறைய பேர் தடுக்கறாங்க. சாக்கெட்ட இடுப்பு உயரத்துக்கு மேலயே வைக்கச் சொல்லுங்க, உங்க ஏரியால டிசம்பர் மழைல தண்ணி எங்க வரைக்கும் ஏறும்னு உங்களுக்கே தெரியும்.