தம்பி என்ன சொன்னார்?

அன்புள்ள ஐயா,

என் தம்பிக்கு 26 வயது. பைக் விபத்துக்குப் பிறகு இடுப்புக்குக் கீழே அசைவில்லை. இப்போதெல்லாம் போனில் அவன் பார்ப்பது டான் பியூக்கானன் என்ற அமெரிக்கரின் வீடியோக்களைத்தான். அவரும் நடக்க முடியாதவராக இருந்தவர். 2018-இல் இறக்கும்வரை விமானக் கண்காட்சிகளில் ஹேங் கிளைடரில் பறந்து காட்டினார், இரவில் வாணவேடிக்கையோடு. தம்பியும் பறக்க ஆசைப்படுகிறான் என்று நினைக்கிறோம். அம்மா அழுகிறார். மாமா போனைப் பிடுங்கி வைக்கச் சொல்கிறார். ஊனத்தைக் காட்டிக் கைதட்டு வாங்குவது சர்க்கஸ் இல்லையா?

ஜே., குழித்துறை

அன்புள்ள ஜே.,

சர்க்கஸ்தான். விமானக் கண்காட்சியே சர்க்கஸ்தான், அதில் என்ன குறை? 2024 அக்டோபரில் மெரினாவில் விமானப்படை சாகசம் காட்டியபோது அத்தனை சனம் வெயிலில் போய் நின்றது வேறெதற்கு? கால் இருக்கிறவர் தலைகீழாகப் பறந்தால் சாகசம், பியூக்கானன் பறந்தால் மட்டும் பரிதாபமா? இதை இதோடு விடுகிறேன்.

ஹேங் கிளைடரில் காலுக்கு என்ன வேலை என்று யோசித்தீர்களா? அலுமினியக் குழாயும் துணியும் சேர்ந்த இறக்கை. அதன் நடுவிலிருந்து வாரில் குப்புறத் தொங்குகிறார் விமானி. கையில் முக்கோணச் சட்டத்தின் கீழ்க்கம்பி. கம்பியைத் தன் பக்கம் இழுத்தால் உடல் முன்னே போய் மூக்கு தாழும், வேகம் கூடும். தள்ளினால் வேகம் குறையும். உடலை ஒரு பக்கம் நகர்த்தினால் இறக்கையும் அந்தப் பக்கம் திரும்பும். எல்லாம் கையும் தோளும் செய்கிற வேலை. சரிவில் ஓடிக் கிளம்பவும் இறங்கும்போது ஊன்றி நிற்கவும்தான் கால். பியூக்கானனுக்கு ஓட்டத்துக்குப் பதில் வண்டி இழுக்கும் கயிறு, ஊன்றுவதற்குப் பதில் சக்கரம். அவர் முடங்கியதே ஹேங் கிளைடர் விபத்தில்தான். இதை அம்மாவிடம் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம். பிரிட்டிஷ் விமானி டக்ளஸ் பேடரும் 1931-இல் தாழப் பறந்து வித்தை காட்டப்போய்த்தான் இரண்டு காலையும் இழந்தார், அப்புறம் செயற்கைக் கால்களோடு இரண்டாம் உலகப் போரில் ஸ்பிட்ஃபயர் போர் விமானம் ஓட்டினார். விடாத ஆட்கள்.

ஆனால் உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு நினைவு வந்தது என் பெரியப்பா ஒருவர். குளச்சலுக்கு மேற்கே ஒரு கடற்கரை ஊர். சின்ன வயதில் போலியோ வந்து இரண்டு காலும் சூம்பிப் போனவர், கட்டுமரத்தில் போய் மீன்பிடித்தார். விடியுமுன்னே தம்பிமார் இரண்டு பேர் வந்து அவரைக் குண்டுக்கட்டாகத் தூக்கி மரத்தில் வைத்து, அலை கொஞ்சம் அடங்கும் நேரம் பார்த்துத் தள்ளிவிடுவார்கள். ஒரு நொடி பிந்தினாலும் “லேய், அலை ஒனக்காக நிக்குமால?” என்று தொடங்கும் வசவை இங்கே எழுத முடியாது. அலையைத் தாண்டிவிட்டால் அவர் ராஜா. உட்கார்ந்தபடியே துடுப்புப் போடுவார், தோள் இரண்டும் காளைத் திமில் மாதிரி இருக்கும். கன்னத்தைத் திருப்பிக் காட்டியே மேற்கேயிருந்து வரும் கச்சான் காற்று வலுக்குமா என்று சொல்லிவிடுவார். கரையில் தெரியும் மலை முகட்டையும் மாதா கோயில் கோபுரத்தையும் ஒரே கோட்டில் வைத்துக் கடலடியில் மீன் கூடும் பாறைத்திட்டு, அதாவது பார், எங்கே கிடக்கிறது என்று கண்டுபிடிப்பார்களே, கணியம், அதில் காலுள்ளவர்களே அவரிடம்தான் கேட்டுப்போவார்கள்.

அவர் நன்றி சொல்லி நான் கேட்டதில்லை. பங்கு வைக்கும்போது அந்த இரண்டு பேருக்கும் ஒரு கை மீன் கூடுதலாக விழும், அவ்வளவுதான். தூக்கினவர்களும் தருமம் செய்த முகத்தோடு திரிந்ததில்லை. மறுநாளும் வந்து அதே வசவை வாங்கினார்கள். பியூக்கானனுக்கும் இறக்கையை மாட்டவும் கயிற்றைக் கோக்கவும் இறங்கிய இடத்துக்கு நாற்காலியைக் கொண்டுவரவும் ஆள் வேண்டியிருந்தது. காலுள்ள சாகச விமானிக்கும் கீழே ஒரு கூட்டம் வேலை செய்கிறது. அவரைப் பார்த்து யாரும் ‘ஐயோ, அடுத்தவர் தயவில் பறக்கிறாரே’ என்று உச்சுக்கொட்டுவதில்லை.

இப்போது உங்கள் வீட்டுக்கு வருகிறேன். கடிதத்தில் அம்மா அழுகிறார், மாமா உத்தரவு போடுகிறார், நீங்கள் குழம்புகிறீர்கள். தம்பி ஒரு வார்த்தை பேசவில்லை. ‘ஆசைப்படுகிறான் என்று நினைக்கிறோம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். நினைப்பதென்ன, பக்கத்து அறையில்தானே இருக்கிறார், கேட்டால் என்ன? 26 வயது ஆளின் போனைப் பிடுங்க உங்கள் மாமா யார்? தம்பி கடைசியாகத் தெருவுக்கு வந்தது எப்போது? உங்கள் வீட்டு வாசலில் எத்தனை படி? அதன்மேல் ஒரு சரிவு கட்டக் கொத்தனாருக்கு எவ்வளவு நேரமாகிவிடும்? அதைச் செய்யாமல் வானத்தைப் பற்றி என்னிடம் கேட்கிறீர்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் தம்பிமேல் உயிரை வைத்திருப்பது ஒவ்வொரு வரியிலும் தெரிகிறது, அதனால்தான் இவ்வளவு ஏசுகிறேன்.

பயிற்சி, அனுமதி, செலவு எல்லாம் அப்புறம். ஒன்று மட்டும்: ஆரல்வாய்மொழியில் நல்ல காற்றாச்சே, அங்கேயே பறக்கலாமே என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கணவாய்க்குள் நெருக்கிக்கொண்டு வருகிற பருவக்காற்று அது, முப்பந்தல் காற்றாலைகளுக்குத்தான் லாயக்கு. ஆனால் ஆடியில் தம்பியைக் காரில் அங்கே கூட்டிப்போய்க் கொஞ்ச நேரம் அந்தக் காற்றில் இருக்கவிடலாம், அவர் வருகிறேன் என்றால். மாமாவையும் அழைத்துச் செல்லுங்கள். காரிலிருந்து தூக்கி இறக்க ஆள் வேண்டுமே. தம்பி ஏசினால் வாங்கிக்கொள்ளட்டும்.