ஸ்கைலைன் ஆர்33: பூஸ்ட்டில் மட்டும் திக்கல்

உங்கள் நிசான் ஸ்கைலைன் காரில் பூஸ்ட்டை (டர்போ எஞ்சினுக்குள் தள்ளும் காற்றின் அழுத்தத்தை) 14 பிஎஸ்ஐக்கு ஏற்றிய பிறகு, ஐடிலில் ஒழுங்காக ஓடும் வண்டி 4000 ஆர்பிஎம் தாண்டி முழுசாக மிதித்தால் மட்டும் திக்குகிறது என்கிறீர்கள். என் சந்தேகம் முதலில் இக்னிஷன் (பொறி தரும் அமைப்பு) மேல்தான். சிலிண்டருக்குள் அழுத்தம் கூடினால், அதே பிளக் இடைவெளியைப் பொறி தாண்ட அதிக வோல்டேஜ் வேண்டும். நீங்கள் வைத்திருக்கும் 1.1 மி.மீ. இடைவெளியை 0.8க்குக் குறைத்துப் பாருங்கள்.

திக்கல் நின்றாலும், பிளக்குகளுக்கு வோல்டேஜ் தரும் காயில்களை விட்டுவிடாதீர்கள். உங்கள் வண்டியின் ஆர்பி25 எஞ்சினில் அவை எஞ்சின் மேலேயே, மூடிக்குள் வெந்துகொண்டிருக்கும். கழற்றி வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள்: மயிரிழை விரிசலும் ஓரத்தில் கருந்தடமும் தெரிந்தால் கரண்ட் அங்கேதான் கசிகிறது. ஆறையும் சேர்த்தே மாற்றுங்கள்.

அதற்கும் தீராவிட்டால் இன்டர்கூலர் (டர்போ காற்றைக் குளிர்விக்கும் பாகம்) பைப் இணைப்புகளைப் பாருங்கள், அப்புறம் பெட்ரோல் பிரஷர். அதுவரை தயவுசெய்து பூஸ்ட்டில் மிதிக்க வேண்டாம். பெட்ரோல் போதாமல் திக்குகிறது என்றால் பிஸ்டனே போய்விடும்.